மீதியை வெள்ளித்திரையில் காண்க

சினிமாக் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்ற காலத்தை அறிந்தவர்களுக்கு, அதன் உள்ளே பொடி எழுத்தில் அச்சாகியிருந்த கதைச் சுருக்கமும், அந்தச் சுருக்கம் எவ்விடத்தில் வந்து நின்றுவிடும் என்பதும் மறந்திருக்காது. கதாநாயகி கைக்குழந்தையோடு தெருவில் நிற்பாள். கதாநாயகன் தான் செய்யாத கொலைக்காகக் கூண்டிலே நிற்பான். வில்லன் சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் தறுவாயில் இருப்பான். அதுவரையில் கதையை வெகு சிரத்தையாகச் சொல்லிக்கொண்டு வந்த அந்தப் பெயரறியாத எழுத்தாளர், அவன் மீண்டானா, அவள் வீடு திரும்பினாளா என்று இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று ஒரு வரியைப் போட்டுப் பேனாவை மூடிவிடுவார்.

அந்த ஒரு வரியில் ஒரு சம்பிரதாயமே அடங்கியிருக்கிறது. கதையின் முடிவு கதையை உண்டாக்கியவரின் உடைமை, காசு கொடுத்துக் கண்டவர் அதைக் காணாதவரிடம் சொல்லுதல் தகாது என்பதே அது. இன்று அதை மீறுகிறவரை ஏதோ மகாபாதகம் செய்தவரைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறோம். அந்தப் பாதகத்துக்கு 'ஸ்பாய்லர்' என்று ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் இவ்வழக்கத்தின் பூர்வோத்தரத்தை விசாரித்துப் பார்த்தால், இதற்கு வயது நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் அதிகம் இராது என்றும், இதைப் பெற்றெடுத்தது கலை அன்று, வியாபாரமே என்றும் எனக்குத் தோன்றுகிறது.

நானும் இந்தப் பாதகத்துக்கு ஒருமுறை ஆளானவன். பள்ளிப் பருவத்தில் எங்கள் ஊர் வாசகசாலையிலிருந்து ஒரு துப்பறியும் நாவலை எடுத்து வந்தேன். அட்டையும் முதல் நான்கு பக்கங்களும் கழன்றுபோன புத்தகம். ஆகையால் நூலின் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. ஜமீன்தார் தம் அறையில் பிணமாகக் கிடக்கும் நாற்பதாம் பக்கத்துக்கு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், மணிமணியான கையெழுத்தில், 'கொன்றவன் மருமகன்' என்று எழுதியிருந்தது. அப்புறம் ஒரு பக்கங்கூடப் படிக்க மனம் வரவில்லை. எழுதியவரைப் பாட்டன் பூட்டன் வரையில் வைதுவிட்டு, மறுநாள் காலையிலேயே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கோபம் என் தாத்தாவுக்குப் புரியவே இல்லை. அவர் ஆயுள் முழுதும் கூத்துப் பார்த்தவர். திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் 'கர்ண மோட்சம்' நடக்கிறது என்றால், கர்ணனுக்கு என்ன ஆகப்போகிறது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. போதாததற்குக் கட்டியக்காரன் வேறு திரைக்கு முன்னால் வந்து, இன்னார் வருகிறார், இன்னது செய்யப்போகிறார் என்று கட்டியங்கூறிவிட்டுப் போகிறான். அப்படியிருந்தும் விடிய விடியப் பனியில் உட்கார்ந்திருந்த ஜனங்கள், கர்ணன் தன் மனைவியிடம் விடைபெறும் கட்டத்தில், அம்பு வில்லை விட்டுப் புறப்படுவதற்கு எத்தனையோ நாழிகைக்கு முன்பே, கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முடிவு தெரியாதிருந்தால் அந்தக் கண்ணீருக்கு அங்கே இடமே இல்லை.

தமிழ் நாடக மேடையிலும் இதுவே வழக்கம். சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய 'வள்ளி திருமணம்' நாடகத்துக்குப் போகிறவர்கள் வள்ளிக்குத் திருமணம் ஆகுமோ ஆகாதோ என்ற கவலையில் போவதில்லை. அன்றைய நாரதரும் அன்றைய வள்ளியும் தர்க்கத்தில் எப்படி மோதிக்கொள்ளப் போகிறார்கள் என்பதைக் கேட்கப் போகிறார்கள். ஸ்பெஷல் நாடகங்களில் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள், முன்பின் ஒத்திகை பாராமல், அன்றிரவே ஒரே மேடையில் சேர்ந்து நடிக்க முடிந்ததற்குக் காரணமும், ஊரார்க்கெல்லாம் தெரிந்த கதை அவர்களுக்கும் தெரிந்திருந்ததுதான். தமிழகத்தில் முதன்முதலாக எடுக்கப்பட்ட மௌனப்படமோ, நடராஜ முதலியாரின் 'கீசக வதம்'. தலைப்பே கதையின் முடிவு. அதை மறைக்கவேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் உதித்ததாகத் தெரியவில்லை.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய விசேஷம் என்று எண்ணிப் பெருமைப்பட்டுக்கொள்வதற்கும் இடமில்லை. ஏதென்ஸ் நகரத்தில் கி.மு. 428-இல் அரங்கேறிய யூரிப்பிடீஸின் 'ஹிப்போலிட்டஸ்' நாடகத்தில், தேவி அஃப்ரோடைட்டி முதல் காட்சியிலேயே மேடையில் தோன்றி, இன்றைய பொழுது சாய்வதற்குள் யார் யார் மடியப்போகிறார்கள் என்பதைப் பகிரங்கமாக அறிவித்துவிடுகிறாள். சபையோர் டிக்கெட்டுக் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஆக, ஊர் முழுதுக்கும் பொதுச்சொத்தாக இருந்த கதையில் மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு தனி மனிதன் தன் மூளையிலிருந்து, முன்பு எவரும் கேளாத கதையொன்றைக் கற்பித்து, அதை வாராவாரம் துண்டு துண்டாக விற்கத் தொடங்கிய பிறகுதான் முடிவு என்பது பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டிய பொருளாயிற்று. இங்கிலாந்தில் வில்கி காலின்ஸ் என்பவர் 'வெள்ளாடைப் பெண்' என்று பொருள்படும் நாவலைச் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் 1859 நவம்பர் தொடங்கி 1860 ஆகஸ்டு வரையில் எழுதினார். அது நூலாக வெளிவந்தபோது எழுதிய முன்னுரையில், விமர்சகர்களை நோக்கி ஒரு விண்ணப்பம் செய்துகொண்டார்: என்னைப் புகழுங்கள் அல்லது இகழுங்கள், ஆனால் கதையை எடுத்துச் சொல்லாமல் அதைச் செய்ய முடியாதா என்பதே அவ்விண்ணப்பத்தின் சாரம். நான் அறிந்த மட்டில், கதாசிரியன் கைகூப்பி 'சொல்லிவிடாதீர்கள்' என்று கேட்டுக்கொண்ட ஆரம்ப காலத்துச் சாசனங்களில் இது முக்கியமானது.

அவருடைய நண்பர் டிக்கன்ஸுக்கு அந்தக் கவலை வேறு விதமாகத் தீர்ந்தது. 'எட்வின் ட்ரூடின் மர்மம்' என்ற நாவலைப் பன்னிரண்டு பகுதிகளாக எழுதத் திட்டமிட்டு, ஆறு பகுதிகளோடு 1870 ஜூன் 9-ஆம் தேதி அவர் காலமாகிவிட்டார். உலகத்தில் எவராலும் வெளியிட முடியாத முடிவு என்றால் அது ஒன்றுதான். ஆனால் வாசகர்கள் விடுவதாக இல்லை. 1914 ஜனவரியில் லண்டனில், டிக்கன்ஸ் அன்பர்கள் கூடி, அந்நாவலின் பாத்திரமான ஜான் ஜாஸ்பர் மீது கொலைக் குற்றஞ்சாட்டி ஒரு விளையாட்டு வழக்கே நடத்தினார்கள். நீதிபதி ஆசனத்தில் ஜி. கே. செஸ்டர்ட்டன், ஜூரிகளின் தலைவர் பெர்னார்ட் ஷா. ஷாவின் ஜூரி குறும்பாக ஒரு ராஜித் தீர்ப்பைச் சொல்ல, செஸ்டர்ட்டன் தம்மைத் தவிர அங்கிருந்த அத்தனை பேருக்கும் கோர்ட்டு அவமதிப்புக்காக அபராதம் விதித்துச் சபையைக் கலைத்தார். முடிவு தெரியாத கதைக்கு இவ்வளவு கொண்டாட்டம் உண்டு என்பதைக் கண்ட வியாபாரிகள், முடிவைத் தெரியாமல் வைத்திருப்பதையே ஒரு சரக்காக ஆக்கியதில் ஆச்சரியமில்லை.

அமெரிக்காவில் மேரி ராபர்ட்ஸ் ரைன்ஹார்ட்டும் ஏவரி ஹாப்வுட்டும் சேர்ந்து எழுதிய 'வௌவால்' என்ற மர்ம நாடகம் 1920-இல் நியூயார்க்கில் அரங்கேறி 867 தடவை நடந்தது. 1926-இல் அது மௌனப்படமாக வந்தபோது, ரகசியத்தைக் காப்பாற்றுமாறு கேட்டுக்கொள்ளும் எழுத்துக்கள் படத்தின் தொடக்கத்திலேயே திரையில் ஓடின. 1930-இல் அதே கதை பேசும்படமானபோது, படம் முடிந்த பின் நடிகர் ஒருவர் மேடைத் திரைக்கு முன்னால் நிற்கும் பாவனையில் தோன்றி, வௌவால் என்ற பெயரில் திரிந்தவன் யார் என்பதை வெளியே சொல்லவேண்டாம் என்று சபையோரை நேரிலே வேண்டிக்கொண்டார். நம் கட்டியக்காரன் கதைக்கு முன்னால் வந்து எல்லாவற்றையும் சொல்கிறான். இந்தப் புதுக் கட்டியக்காரர் கதைக்குப் பின்னால் வந்து ஒன்றையும் சொல்லாதே என்கிறார்.

இந்தச் சத்தியம் வாங்கும் வழக்கம் நிலைபெற்ற இடம் லண்டன் நகரம். அகதா கிறிஸ்டி, மேரி மகாராணியின் எண்பதாம் பிறந்த நாளுக்காக 1947-இல் பி.பி.சி. வானொலிக்கு எழுதிக்கொடுத்த சிறு நாடகத்தை விரித்து, 'எலிப்பொறி' என்ற மேடை நாடகமாக்கினார். அது 1952 நவம்பர் 25-ஆம் தேதி லண்டனில் அரங்கேறியது. எட்டு மாத காலம் ஓடினால் அதிகம் என்று ஆசிரியையே கருதிய அந்த நாடகம், 1974-இல் பக்கத்துக் கொட்டகைக்குக் குடிபெயர்ந்து, 2020 மார்ச்சில் கொள்ளைநோய் வந்து கதவை அடைக்கும்வரை ஓடி, மறு ஆண்டு மே மாதத்தில் மறுபடியும் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் நாடகம் முடிந்து, நடிகர்கள் தலைவணங்கிய பிறகு, அவர்களில் ஒருவர் முன்வந்து, கொலையாளி இன்னார் என்ற ரகசியத்தை உங்கள் நெஞ்சிலேயே பூட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வது மரபு. நாடகம் லண்டனில் நடக்கும் காலம் வரையில் அதன் மூலமான சிறுகதையைப் பிரிட்டனில் பிரசுரிக்கலாகாது என்று கிறிஸ்டி நிபந்தனை விதித்தார்; அமெரிக்காவிலோ அது புத்தகக் கடையில் தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது! சமுத்திரத்துக்கு அப்பால் காசு கொடுத்தால் கிடைக்கும் ரகசியத்தை இப்பால் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காப்பதில் உள்ள வேடிக்கையை அவர்கள் அறியாமல் இல்லை. சன்மானம் கொடுக்காமல் இறங்கிப் போகும் பிரயாணியைப் பார்த்து, டாக்ஸிக்காரர் ஜன்னல் வழியாகக் கொலையாளியின் பெயரைக் கூவிவிட்டுப் போனதாக லண்டன்வாசிகள் ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, தண்டனை குற்றத்துக்குத் தக்கதாகவே இருக்கிறது.

வேண்டுகோளாக இருந்ததைக் கட்டளையாக மாற்றியவர்கள் இரண்டு டைரக்டர்கள். ஒருவர் பிரெஞ்சுக்காரரான க்ளூஸோ. 1955-இல் வெளியான அவருடைய 'லே டியாபோலிக்' படத்தின் முடிவில், நீங்களும் பிசாசுகளாக ஆகிவிடாதீர்கள், உங்கள் நண்பர்களுடைய சுவாரஸ்யத்தைக் கெடுக்காதீர்கள் என்ற கருத்துப்பட ஓர் அறிவிப்புத் திரையில் விழும். மற்றவர் ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக். 1960-இல் அவர் 'சைக்கோ'வை வெளியிட்டபோது செய்த ஏற்பாடுகள் ஒரு யுத்தத் தளபதிக்கே பெருமை தரத்தக்கவை. ராபர்ட் பிளாக் எழுதிய மூல நாவலின் உரிமையைத் தம் பெயர் வெளியே தெரியாமல் ஏஜெண்டு மூலம் சொற்ப விலைக்கு வாங்கினார். கடைகளில் இருந்த பிரதிகளையும் கூடியமட்டும் வாங்கிவிடச் செய்தார் என்றுகூடச் சொல்வதுண்டு. பத்திரிகைக்காரர்களுக்கு வழக்கமாகப் போட்டுக் காட்டும் முன்காட்சி கிடையாது. விமர்சகர்களும் ஜனங்களோடு வரிசையில் நின்றே படம் பார்க்கவேண்டியதாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, படம் தொடங்கிய பிறகு எவரையும் உள்ளே விடக்கூடாது என்று கொட்டகைக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது. கைக்கடிகாரத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டு ஹிட்ச்காக்கே நிற்கும் விளம்பரப் பலகைகள் வாசலில் வைக்கப்பட்டன.

மாட்டினி, முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம் என்று மணியடித்துக் காட்சி தொடங்கும் கொட்டகைகளிலே வளர்ந்த நமக்கு இந்தக் கட்டளையின் கடுமை எளிதில் விளங்காது. அந்தக் காலத்து அமெரிக்கக் கொட்டகைகளில் படம் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கும். ஜனங்கள் கடைக்குப் போகிற வழியில் பாதிப்படத்தில் நுழைந்து, முடிவைப் பார்த்து, அப்புறம் ஆரம்பத்தைப் பார்த்து, தாங்கள் நுழைந்த கட்டம் மறுபடி வந்ததும் எழுந்து போவார்கள். அப்படிப்பட்டவர்களை, கடிகாரம் பார்த்து வாசலில் வரிசையாக நிற்கும்படி பழக்கியது அந்தப் படம். தாமதமாக வருகிறவர்களுக்கு ஹிட்ச்காக் ஏன் அத்தனை அஞ்சினார் என்பதற்குக் காரணத்தைச் சொல்லலாம். சொன்னால் ரகசியத்தில் பாதியைச் சொன்னவனாவேன்.

இதிலே ஒரு விநோதம். ஜனங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் உயர்ந்த உபாயம் என்று வாழ்நாளெல்லாம் உபதேசித்தவரும் இதே ஹிட்ச்காக்தான். மேஜைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பதைச் சபையோர் அறியாவிட்டால் அது வெடிக்கும்போது பதினைந்து விநாடி அதிர்ச்சி. அறிந்திருந்தாலோ, அது வெடிப்பதற்கு முன் பதினைந்து நிமிஷம் அவர்கள் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று அவர் பிரெஞ்சு டைரக்டர் த்ரூஃபோவிடம் விளக்கியது பிரசித்தம். 'லே டியாபோலிக்'கின் மூலக்கதையை எழுதிய புவாலோ, நார்ஸெஜாக் இரட்டையரின் மற்றொரு நாவலைத்தான் அவர் 1958-இல் 'வெர்ட்டிகோ'வாக எடுத்தார். நாவலாசிரியர்கள் கடைசிப் பக்கங்களுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியத்தை, அவர் கதை முடிய வெகுநேரம் இருக்கும்போதே சபையோருக்கு மாத்திரம் திறந்து காட்டிவிட்டார். கதாநாயகன் அறியான், நாம் அறிவோம். அதன்பின் அவன் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியையும், கர்ணன் விடைபெறுவதைப் பார்க்கும் கிராமத்தாரைப்போல, நாம் பதைத்துக்கொண்டே பார்க்கிறோம். அறியாதவனுக்கு ஒரு துடிப்பு, அறிந்தவனுக்கு ஒரு துடிப்பு. இரண்டிலும் பின்னதே ஆழமானது என்பது என் அபிப்பிராயம். ஆனால் முன்னதைத்தான் திருட முடியும்; ஆகையால் பூட்டும் சாவியும் காவலும் அதற்கே ஏற்பட்டன.

தமிழ் சினிமா வெகுகாலம் இந்தப் பூட்டைத் தேடவில்லை. 1934-இல் வந்த 'பவளக்கொடி'யில் ஐம்பது பாட்டுக்கள். 1944-இன் 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவ்விரு படங்களின் கதாநாயகரான பாகவதரின் பாட்டுக்காகப் பத்துத்தடவை போன ரசிகருக்கு முதல் தடவையோடு கதையின் முடிவு தெரிந்துபோயிற்று. மற்ற ஒன்பது டிக்கெட்டும் முடிவுக்காக வாங்கப்பட்டவை அல்ல. ரகசியத்தையே மூலதனமாகக் கொண்ட படமோ, ஓர் ஆளுக்கு ஒரு டிக்கெட்டுத்தான் விற்கும்.

இந்தக் கணக்கை அறிந்தோ அறியாமலோ, 1954 ஏப்ரலில், தமிழ் வருஷப் பிறப்பன்று, ஏ.வி.எம். நிறுவனத்தார் 'அந்த நாள்' என்ற படத்தை வெளியிட்டார்கள். பிற்காலத்தில் வீணை வித்துவானாகக் கியாதி பெற்ற எஸ். பாலசந்தர் அதன் டைரக்டர். 1943 அக்டோபர் 11-ஆம் தேதி சென்னைப் பட்டணத்தின்மேல் ஜப்பானியர் குண்டு போட்ட சமயத்தில் கதை நிகழ்கிறது. சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் என்ற ரேடியோ எஞ்சினீயர், படம் தொடங்கிய சற்றைக்கெல்லாம் சுடப்பட்டு விழுகிறான். சுட்டவர் யார் என்று ஜாவர் சீதாராமன் ஏற்ற துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்க, ஒவ்வொருவர் வாய்மொழியிலும் கதை வேறு உருவம் கொள்கிறது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. பாட்டே இல்லாத படத்துக்குப் பாட்டுப் புத்தகம் ஏது? பண்டிகை நாளில் குடும்பத்தோடு வந்த சனங்களில் பலர் ஏமாந்துபோனார்கள். படத்துக்கு ராஷ்டிரபதியின் நற்சான்றிதழ் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. இருந்தபோதிலும், இன்றைக்கும் அதைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் பேசும்போது, அந்தக் கடைசிக் கட்டத்துக்குச் சற்று முன்னால் வந்து, பாட்டுப் புத்தகத்தைப்போலவே, டக்கென்று நிறுத்திக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன். எந்த நடிகரும் திரைக்கு முன்னால் வந்து அவர்களிடம் சத்தியம் வாங்கவில்லை.

பாலசந்தர் மனந்தளரவில்லை. 'பொம்மை', 'நடு இரவில்' என்று மறுபடியும் மர்மக் கதைகளையே எடுத்தார். பின்னது கிறிஸ்டியின் நாவலொன்றைத் தழுவியது. 1964-இல் வந்த 'புதிய பறவை', ஆங்கிலத்திலிருந்து வங்காளம் போய்த் தமிழுக்கு வந்த கதை. மர்மத்தோடு பாட்டுக்களும் சேர்ந்திருந்ததால் ரகசியம் தெரிந்த பின்பும் ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். கெட்டிக்கார ஏற்பாடு!

'ஸ்பாய்லர்' என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1971 ஏப்ரலில் 'நேஷனல் லாம்பூன்' என்ற அமெரிக்க ஹாஸ்யப் பத்திரிகையில் டக்ளஸ் கென்னி என்பவர், வாசகருக்குக் காலமும் பணமும் மிச்சமாகட்டும் என்று கூறி, பிரபலமான படங்கள், நாவல்களின் முடிவுகளையெல்லாம் வரிசையாக அச்சிட்டு, அதற்கு இட்ட தலைப்பு அது. ரகசியம் காப்பதில் அதற்குப் பிறகு வந்த யுக்திகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. 1980-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' வரிசைப் படத்தில், ஒரு முக்கியமான வசனத்துக்குப் பதிலாகப் பொய் வசனம் ஒன்றை எழுதி, படப்பிடிப்பில் அதையே பேசச் செய்தார்கள். உண்மை வசனம் எதிரில் நின்ற நடிகருக்குக் காமிரா ஓடுவதற்குச் சற்றுமுன் சொல்லப்பட்டது. மற்றவர்களில் பெரும்பாலோர் படம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். 2011-இல் கலிபோர்னியாவில் இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் பன்னிரண்டு சிறுகதைகளைக் கொடுத்துச் சோதித்ததில், முடிவை முன்கூட்டி அறிந்தவர்களே பொதுவில் சற்று அதிகமாக ரசித்ததாகக் கண்டார்களாம். என் தாத்தாவைக் கேட்டிருந்தால் செலவில்லாமல் சொல்லியிருப்பார்.

அந்த ஆராய்ச்சியைப் பற்றிப் படித்த பிறகு எனக்கு அந்த ஜமீன்தாரின் நினைவு வந்தது. ஊருக்குப் போயிருந்த ஒரு கோடை விடுமுறையில், வாசகசாலையில் கழித்துக் கட்டிப் போட்டிருந்த பழம்புத்தகங்களுக்கு நடுவே, அட்டையில்லாத அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்தேன். நாற்பதாம் பக்கத்தில் பென்சில் எழுத்து மங்காமல் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து, மருமகன் பேசும் ஒவ்வொரு வார்த்தையிலும் விஷத்தைத் தேடிக்கொண்டு, அவன் தண்ணீர் கேட்டால்கூட எதற்குக் கேட்கிறான் என்று யோசித்துக்கொண்டு, ஒரே மூச்சில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் படித்து முடித்தேன். பொழுது இருட்டிவிட்டது. கொன்றவன் மருமகன் அல்ல.